குற்றாலம்: சீசனுக்கு அப்பால் ஓர் ஊர்

ஜூன் பிறந்துவிட்டால் நாளிதழ்களில் குற்றாலம் பற்றி மூன்று செய்திகள் மாறி மாறி வரும். சீசன் களைகட்டியது என்பது ஒன்று. வெள்ளப்பெருக்கால் அருவிகளில் குளிக்கத் தடை என்பது இன்னொன்று. தடை நீங்கியது, சுற்றுலாப் பயணிகள் மகிழ்ச்சி என்பது மூன்றாவது. செப்டம்பரோடு இவை ஓய்ந்துவிடும். ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழியில் மறுபடி கொஞ்சம் தலைகாட்டும். தென்காசிக்கு 5 கிலோமீட்டர் தொலைவில், சில ஆயிரம் பேர் மட்டுமே வசிக்கும் அந்தப் பேரூராட்சி மற்ற மாதங்களில் எப்படி இருக்கிறது என்று வெளியூரில் யாரும் கேட்பதில்லை. நல்ல காற்று, நல்ல தண்ணீர், காசு கொடுக்காமல் குளிக்க அருவி, சுற்றிலும் காடும் வயலும். ஒரு சிற்றூரில் குடியிருக்க இதைவிட வேறென்ன வேண்டும் என்றுதான் வந்து போகிறவருக்குத் தோன்றும். ஆனால் இரண்டு நாள் தங்கிப் போகிறவருக்குப் பிடித்த ஊர், ஆண்டு முழுக்க இருக்கிறவருக்கும் ஏற்ற ஊராகத் தானாக அமைந்துவிடாது. குற்றாலத்தை இத்தனை காலமும் வருகிறவரை மனதில் வைத்தே நடத்தியிருக்கிறோம். இருக்கிறவரை மனதில் வைத்து நடத்தினால் வருகிறவருக்கும் அருவி மிஞ்சும். நடைமுறையில் இருப்பதோ இதற்கு நேர்மாறு. அந்த வழியில் போனால் இருவருக்கும் எதுவும் மிஞ்சாது.

சீசனைக் கொண்டுவரும் சாரல் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஊட்டியின் குளிர் உயரத்தால் வருவது. அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குற்றாலமோ 200 மீட்டரைக்கூடத் தொடாத மலையடிவாரம். உயரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால், ஜூலை மாதத்தில் திருநெல்வேலியில் அடிக்கிற அதே வெயில் அங்கும் கொளுத்த வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மேகங்களை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து, மழையில் பெரும்பகுதியைக் கேரளத்திலேயே இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்குவது பெரும்பாலும் வறண்ட காற்றுதான். செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுக் கணவாய் இருக்கும் இடத்தில் மட்டும் மலை தாழ்ந்து வழிவிடுகிறது. அந்த வழியே ஈரக்காற்று புகுந்து வருகிறது. மேகத்தின் ஓரம் மலைமுகட்டில் வழிந்து தூறலாகச் சிதறுகிறது. வெயிலும் தூறலும் ஒரே நேரத்தில் இருக்கும், குடை பிடிக்கவும் மனம் வராத அந்த மழையைத்தான் சாரல் என்கிறோம். அதே காற்று இன்னும் கிழக்கே போய்ச் சமவெளியில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. கனமழை பெய்வது ஊருக்குள் இல்லை, மேலே திரிகூடமலைக் காட்டில். அந்தத் தண்ணீர்தான் சிற்றாறாகப் புறப்பட்டு அருவிகளாக விழுகிறது.

ஆக, குற்றாலத்தின் தட்பவெப்பத்துக்கும் பொழுதுபோக்குக்கும் மூலாதாரம் இரண்டு: கணவாயும் காடும். கணவாயை நாம் எதுவும் செய்துவிட முடியாது. காடு நம் கையில் இருக்கிறது. மேலே பெய்யும் மழையைச் சருகும் வேரும் மண்ணும் வாங்கி வைத்துக்கொண்டு சிறுகச் சிறுக விடுவதால்தான், மழை ஓய்ந்து பல நாள் ஆன பிறகும் ஊரின் முதன்மை அருவியான பேரருவியில் தண்ணீர் விழுகிறது. காடு மெலிந்தால் மழையின் அளவு குறையாவிட்டாலும் பயன் இல்லை. அத்தனையும் இரண்டு நாளில் வெள்ளமாக வந்து போய்விடும், மூன்றாம் நாள் வெறும் பாறையைப் பார்க்க வேண்டியதுதான். சுற்றுலாத் துறை எத்தனை விளம்பரம் செய்தாலும், சாரல் விழாவுக்கு எத்தனை மேடை போட்டாலும், சீசனை நடத்துவது அந்தக் காடுதான்.

அருவிக் குளியல் என்ற பொழுதுபோக்கைப் பற்றியும் நாம் போதுமான அளவு யோசித்ததில்லை. மலையேற்றம், படகுச் சவாரி, முகாம் எல்லாவற்றுக்கும் கருவி வேண்டும், பணம் வேண்டும், பயிற்சி வேண்டும், பெரும்பாலும் இளவயதும் வேண்டும். அருவிக்கு ஒரு துண்டு போதும். பேரருவியின் அமைப்பே இதற்கு உதவுகிறது. மேலிருந்து வரும் தண்ணீர் நேராகத் தலையில் விழுவதில்லை. பாதி வழியில் பொங்குமாகடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, அங்கிருந்து பொங்கி அகன்ற பாறையில் பரவி இறங்குகிறது. அதனால்தான் ஆளைத் தள்ளிவிடாத அந்த அடியின் கீழ் பாட்டிகளும் நிற்கிறார்கள். பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டு. இரவிலும் விளக்கு வெளிச்சத்தில் குளிக்கிறார்கள். கட்டிட வேலைக்குப் போகிறவரும் கடை முதலாளியும் அடுத்தடுத்து நின்று ஒரே தண்ணீரை வாங்கிக்கொள்கிறார்கள். நம் பெண்களுக்கு, அதிலும் நடுவயதைக் கடந்த கிராமத்துப் பெண்களுக்கு, திறந்தவெளியில் உடலுக்கும் மனத்துக்கும் இப்படியொரு விடுதலை கிடைக்கும் இடங்கள் தமிழ்நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. குற்றாலத்து நீர் மூலிகை நீரா, அது நோயைத் தீர்க்குமா என்ற பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டே இதைச் சொல்லலாம்: எல்லோருக்கும் பொதுவாக, இலவசமாக இருப்பதுதான் அந்த அருவியின் உண்மையான சிறப்பு.

அந்தப் பொதுத்தன்மையில்தான் அடி விழுந்துவருகிறது. பழத்தோட்ட அருவிக்கு மக்களிடையே ‘வி.ஐ.பி. அருவி’ என்றே பெயர். முக்கியப் பிரமுகர்களுக்கு என ஒதுக்கப்பட்டுவிட்ட அருவி அது. தனியார் விடுதிகள் சில, மலையிலிருந்து வரும் நீரோட்டத்தைத் திருப்பித் தங்கள் வளாகத்துக்குள் செயற்கை அருவி அமைத்த விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனது. இயற்கை நீர்வழியைத் தனியார் லாபத்துக்காகத் திருப்பக்கூடாது என்று நீதிமன்றம் 2022ஆம் ஆண்டில் கண்டிப்போடு சொன்னது. சோப்பு, ஷாம்பூ, எண்ணெய் ஆகியவற்றை அருவியில் பயன்படுத்தத் தடை விதித்ததும் இதே நீதிமன்றம்தான். இரண்டையும் உள்ளூர் நிர்வாகமே தானாக முன்வந்து செய்திருக்க வேண்டும். செய்யாததற்குக் காரணம், அருவி அவர்கள் கணக்கில் சீசன் வருமானமாகத் தெரிகிறதே தவிர நீராதாரமாகத் தெரிவதில்லை. பேரருவியில் நாம் தேய்த்துக் குளித்த சோப்புத் தண்ணீர் சிற்றாறு வழியே தென்காசிப் பக்கத்து வயல்களுக்கும் குளங்களுக்கும் போகிறது. கடைசியில் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. கீழே இருக்கிற ஊர்களில் அந்த ஆற்றை நம்பி வாழ்கிறவர்கள் சீசன் விருந்தாளிகள் அல்லர்.

சுற்றுலாப் பயணி காத்திருக்கும் அதே மழைக்காகத்தான் உழவரும் காத்திருக்கிறார். தென்காசி வட்டாரத்தில் கார், பிசானம் என இரண்டு நெல் பருவம். கார் சாகுபடி தென்மேற்குப் பருவமழையை நம்பியது. ஜூனில் சாரல் தவறினால் விடுதி அறைகள் காலியாகக் கிடப்பது செய்தியாகிறது. நாற்றங்கால் விட முடியாமல் போவது செய்தியாவதில்லை. சீசன் கடைகள், வாகன நிறுத்தம் என்று ஏலம் எடுத்தவர், வட்டிக்குக் கடன் வாங்கி மங்குஸ்தானும் ரம்புட்டானும் கொள்முதல் செய்து கடை போட்டவர், எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர் எல்லோரும் மூன்று மாதத்தில் ஆண்டு வருமானத்தைத் தேடிக்கொள்ள வேண்டிய நிலையில் இருக்கிறார்கள். அந்த மூன்று மாதத்தில் மழை பொய்த்தாலும் நஷ்டம், மிஞ்சினாலும் நஷ்டம். மிஞ்சினால் தடை வந்துவிடும்.

சீசன் முன்பின்னாக வருவது எப்போதும் உள்ளதுதானே, இதற்கெல்லாம் பருவநிலை மாற்றத்தைக் காரணம் காட்ட வேண்டுமா என்று ஊர்க்காரர்களே கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பருவமழை எந்தக் காலத்திலும் நாள்காட்டியைப் பார்த்துப் பெய்ததில்லை. ஓர் ஆண்டின் தாமதத்தையோ ஒரு நாள் வெள்ளத்தையோ வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனால் அரபிக்கடல் சூடேறிவருவதும், காற்று சூடானால் அது தாங்கும் ஈரம் கூடுவதும், அந்த ஈரம் குறைந்த நேரத்தில் கொட்டித் தீர்ப்பதும் ஐயத்துக்கு இடமில்லாமல் அறியப்பட்டவை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. ஓர் ஆண்டு முழுக்கப் பெய்ய வேண்டிய அளவு அது. எந்த நிகழ்வுக்கு எவ்வளவு பங்கு என்பதை விஞ்ஞானிகள் ஆராயட்டும். ஊர் நடத்துகிறவர்களுக்குத் தேவையான முடிவு அதைவிட எளியது: மழை எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதில் நம்பிக்கை குறையக் குறைய, ஒரே ஒரு பருவத்தை நம்பியிருக்கும் ஊர் ஆபத்தில் இருக்கிறது.

2024 மே 17ஆம் தேதி பழைய குற்றால அருவியில் நடந்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். சீசன் தொடங்கவே இல்லை, கோடைமழைக் காலம். குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது திடீரென வெள்ளம் பாய்ந்தது. மலைமேல் பெய்த மழை நிமிடங்களில் கீழே வந்துவிட்டது. பலர் அடித்துப்பிடித்துக் கரையேறினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். பேரருவியில் பாதுகாப்பு வளைவு என்று ஒன்று உண்டு. தண்ணீர் அந்த வளைவைத் தாண்டிக் கொட்டத் தொடங்கினால் காவலர்கள் விசில் அடித்து ஆட்களை வெளியேற்றிக் கயிறு கட்டிவிடுவார்கள். பல காலமாக நடக்கிற, பயனுள்ள ஏற்பாடு. ஆனால் அது கண்ணால் பார்த்த பிறகு எடுக்கும் நடவடிக்கை. வெள்ளம் மேலே புறப்படும்போதே கீழே தெரிய வேண்டும் என்றால், காட்டுக்குள் மழைமானியும் நீர்மட்டம் காட்டும் கருவியும் வேண்டும்; அவை தரும் எச்சரிக்கை ஒவ்வோர் அருவியிலும் ஆண்டு முழுவதும், சீசன் அல்லாத நாளிலும், ஒலிக்க வேண்டும். சீசனுக்கு மட்டும் காவல் போடும் வழக்கம், சீசனில்தான் தண்ணீர் வரும் என்ற பழைய நம்பிக்கையிலிருந்து பிறந்தது. ஊரில் குடியிருக்கும் குழந்தைகள் எந்த மாதமும் அந்த ஓடைகளில் இறங்குவார்கள்.

காட்டைக் காப்பது என்றால் எல்லாவற்றையும் பூட்டிவிடுவதா என்ற கேள்வி அடுத்து எழும். மலைமேல் இருக்கும் செண்பகாதேவி அருவியிலும் தேனருவியிலும் ஒரு காலத்தில் மக்கள் நடந்து போய்க் குளித்தார்கள். இப்போது பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. முன்னோர் நடந்த பாதையை வனத்துறை அடைத்துவிட்டது என்ற வருத்தம் உள்ளூர்க்காரர்களுக்கு உண்டு, அதைச் சிறுமைப்படுத்தக்கூடாது. தேனருவியைப் பொறுத்தவரை தடை சரி என்பதே என் முடிவு. அங்கே வழி ஆபத்தானது. விபத்து நடந்தால் உதவி போய்ச் சேர நேரமாகும். இன்று வரும் கூட்டத்தில் நூறில் ஒரு பங்கு மேலே ஏறினாலும் அந்தக் காடு தாங்காது. ஆனால் பாதை முழுவதையும் எல்லா நாளும் எல்லோருக்கும் மூடிவைப்பது ஒரே வழி அல்ல. நாளுக்கு இவ்வளவு பேர், உள்ளூர் வழிகாட்டியோடு, பிளாஸ்டிக் இல்லாமல், குளியல் இல்லாத நடை மட்டும் என்று செண்பகாதேவி வரை அனுமதித்தால், அருவியில் தண்ணீர் குறைந்த மாதங்களிலும் ஊருக்கு ஆள் வரும், உள்ளூர் இளைஞர் சிலருக்கு ஆண்டு முழுக்க வேலை இருக்கும். தன் காட்டைப் பார்க்கவே அனுமதி இல்லாத ஊர், அந்தக் காட்டுக்காகப் பேச முன்வராது.

குற்றாலத்தில் வாழலாம் என்று முடிவெடுத்தவர்கள் முன்பும் இருந்தார்கள். தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. தன் கடைசிக் காலத்தை அங்கேதான் கழித்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி அங்கே போனார்கள். அது வசதியுள்ள சிலரின் வாழ்க்கை. இன்றைய மாற்றம் வேறு அளவில் நடக்கிறது. 2011இல் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் தென்காசி வட்டாரத்தில் அலுவலகம் தொடங்கியது. குற்றாலத்துக்கு அருகே மத்தளம்பாறையில் இன்று அதன் வளாகம் இருக்கிறது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அந்தக் கிராமத்திலேயே குடியேறினார். 2010இல் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட செங்கோட்டை - புனலூர் ரயில் 2018இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. மென்பொருள் எழுதுகிறவர் சென்னையில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்ததும், நல்ல தட்பவெப்பம் என்பது விடுமுறைக்கான காரணமாக இருந்த நிலை மாறி, வீடு கட்டுவதற்கான காரணமாகிவிட்டது. இது நல்ல மாற்றம். ஆனால் மலையடிவாரத் தோப்புகளும் வயல்களும் மனைகளாகும்போது, எந்தக் காற்றுக்காக வந்தார்களோ அதன் மூலத்திலேயே கை வைக்கிறார்கள். வடகரை, மேக்கரைப் பக்கம் காட்டு யானைகள் தென்னந்தோப்புகளில் இறங்குவது பல ஆண்டுகளாகத் தொடரும் பிரச்சினை. அடிவாரத்தில் ஒவ்வொரு வேலியும் ஒவ்வொரு விடுதியும் யானை போகும் வழியைச் சுருக்குகிறது. சுருங்கிய வழியின் விலையைக் கொடுப்பவர் ஐந்தாறு தென்னையை வைத்துப் பிழைக்கும் சிறு விவசாயி.

ஓர் ஊர் வாழத் தகுந்ததா என்பதை நிர்ணயிக்கும் பல விஷயங்கள் பயணியின் கண்ணில் படாதவை. ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐந்தருவிச் சாலையில் ஒரு வீட்டில் கர்ப்பிணிக்கு வலி கண்டால், தென்காசி அரசு மருத்துவமனைக்கு எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர முடியும்? விடுதிகளின் கழிவுநீர் எங்கே போகிறது? சீசன் வாடகை பார்த்துவிட்ட வீட்டுக்காரர், மாதச் சம்பளத்தில் இருக்கும் ஆசிரியைக்கு ஆண்டு முழுக்க வீடு கொடுப்பாரா? வயதானவர்கள் மாலையில் நடக்க, காரும் வேனும் உரசாத ஓர் ஓரம் உண்டா? ஐந்தருவிச் சாலையில் இருக்கும் வெண்ணமடைக் குளத்தில் சீசனில் படகு விடுகிறார்கள். அது பாசனக் குளம். அதன் கரையைச் சீர்செய்து, நிழல் மரம் வைத்து, ஆண்டு முழுக்க நடக்கத் தகுந்ததாக்கினால், அருவி வற்றிய பிப்ரவரி, மார்ச்சிலும் ஊருக்கு ஒரு பொழுதுபோக்கு இருக்கும். பெரிய செலவும் இல்லை. இப்படிப்பட்ட யோசனைகள் திட்ட அறிக்கைகளில் இடம் பிடிப்பதில்லை, ஏனென்றால் இவற்றுக்கு நுழைவுக் கட்டணம் வசூலிக்க முடியாது.

கூட்டத்தைக் குறைத்தால் ஏழை வயிற்றில் அடிப்பதாகும் என்பதுதான் இருப்பவற்றிலேயே வலுவான எதிர்வாதம். கூட்டத்தால் பிழைக்கும் குடும்பங்களுக்கு மாற்று வழி காட்டாமல் கட்டுப்பாடு பேசுவது நியாயமில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டு முறை வந்தது. குற்றாலத்துக்கும் அதைக் கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே வருகிறவர்களில் பெரும்பகுதி பேருந்திலும் வேனிலும் காலையில் வந்து மாலையில் திரும்பும் சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள். அனுமதிச் சீட்டு முறை முதலில் வடிகட்டுவது அவர்களில் வேனில் வருகிறவர்களைத்தான். ஆட்களைக் குறைக்க வேண்டாம், வாகனங்களைக் குறைத்தால் போதும். சனி, ஞாயிறுகளில் கார்களைத் தென்காசியிலும் செங்கோட்டைப் பக்கத்திலும் நிறுத்தச் செய்து, அங்கிருந்து அருவிகளுக்குத் தொடர்ந்து அரசுப் பேருந்து விட்டால், நெரிசல் தீரும், ஆம்புலன்ஸுக்கு வழி கிடைக்கும், நடைபாதைக் கடைக்காரருக்கு வியாபாரமும் கூடும். காருக்குள் இருப்பவர் கடையில் நிற்க மாட்டார், நடந்து போகிறவர் நிற்பார். வாகன நிறுத்த ஏலத்தில் பேரூராட்சிக்குக் குறையும் தொகையை மாநில அரசு ஈடுகட்ட வேண்டும். மாநிலம் முழுவதும் அனுபவிக்கும் ஓர் அருவியின் பராமரிப்பை, சில ஆயிரம் பேர் வசிக்கும் ஒரு பேரூராட்சியின் கடை வாடகையில் ஓட்டச் சொல்வதே முறையல்ல.

இவை அரசு செய்ய வேண்டியவை. அடுத்த ஜூலையில் குற்றாலம் போகத் திட்டமிட்டிருப்பவர்கள் இவற்றுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முடிந்தவர்கள் செவ்வாய், புதனில் போங்கள். தென்காசி வரை ரயிலில் போய் அங்கிருந்து பேருந்து பிடியுங்கள். சோப்பையும் எண்ணெயையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தனி அருவி இருப்பதாக விளம்பரம் செய்யும் விடுதியில், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அறை எடுப்பதற்கு முன் கேளுங்கள். காவலர் விசில் அடித்தால், இன்னும் ஒரு நிமிடம் என்று நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள்.